டிஸ்லெக்சியா: தமிழில் எப்படிச் சொல்வது?

அறிவில் குறையில்லாத குழந்தை வாசிக்க மட்டும் திணறுவதைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். கிரேக்க மொழியில் 'டிஸ்' என்றால் சிரமம். 'லெக்சிஸ்' என்றால் சொல், பேச்சு. இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரைத் தந்தவர் ருடால்ஃப் பெர்லின். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர். 1887-இல் அவர் எழுதியது மூளை நோயால் வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றி. அதற்குப் பத்து வருடம் முன்பே அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் 'சொற்குருடு' என்று ஒரு பெயர் வைத்திருந்தார். கண்ணில்தான் கோளாறு என்ற எண்ணம் இன்னும் போகாததற்கு அந்தப் பழைய பெயருக்கும் பங்கு உண்டு.

1896-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டிலும் சளைத்தவன் இல்லை. ஆனால் பெர்சி என்ற தன் பெயரையே 'பிரெசி' என்று எழுதினான். எழுதியது தப்பு என்றும் தெரியவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர்.

சிக்கல் பெரும்பாலும் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில். 'கொக்கு' என்ற சொல்லையே பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்'. தாளில் முதலில் நிற்பதோ கொம்பு. க-வுக்குப் பின்னால் வேறு ஒரு கால். நமக்குப் பழகிப்போனது, டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக அவிழ்க்க வேண்டிய முடிச்சு.

சரி, தமிழில்? பலரும் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள். அது பெரிய குடையின் பெயர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. எழுதுவதில், கணக்கில் வரும் சிக்கல்களும் அதற்குள் அடக்கம். சான்றிதழிலும் தேர்வுச் சலுகை விண்ணப்பத்திலும் சட்டத்தின் சொல்லையே எழுதுங்கள், கூடுதல் நேரம் கேட்பதற்கு அதுதான் வேண்டும்.

பேச்சில் நான் 'வாசிப்பு இடர்ப்பாடு' என்றே சொல்வேன். கேட்டுக் கற்கிற பிள்ளையிடம் கற்றலில் குறை என்பது எனக்கு வலிக்கிறது. இலங்கைத் தமிழில் 'கற்றல் இடர்பாடு' ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. 'மந்தம்' என்ற சொல்லை ஆசிரியர் அறையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். "பையனுக்கு வாசிப்பு இடர்ப்பாடு" என்று சொல்லிப் பாருங்கள். "அப்போ நான் வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்வானா?" என்று அம்மா கேட்பார். புரிந்துகொள்வான்.