சிறிய நாயின் தோல் அரிப்பும் அதற்கேற்ற உணவும்

காதை ஓயாமல் சொறிவது, முன்னங்கால் விரலிடுக்குகளை நக்கி நக்கி அங்குள்ள முடி செம்பழுப்பாவது, அக்குளும் அடிவயிறும் சிவந்து தடிப்பது ஆகியவற்றைக் கண்டதும் நாய் வளர்ப்போர் முதலில் ஐயுறுவது உணவைத்தான். ஆனால் நாய்களின் அரிப்புக்குத் தெள்ளுப்பூச்சியின் எச்சிலும், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகளும், மகரந்தமுமே உணவைவிட அதிகமாகக் காரணமாகின்றன. பருவம் மாறியும் குறையாமல் ஆண்டு முழுதும் அரிப்பு நீடித்து, காது அழற்சி திரும்பத் திரும்ப வந்து, அடிக்கடி வயிறும் கெட்டால் உணவின் மீதான ஐயம் வலுப்பெறும். அப்போதும்கூட, தெள்ளுப்பூச்சியை ஒழித்து, சொறிந்த இடங்களில் பெருகிய பாக்டீரியா, ஈஸ்ட் தொற்றுகளுக்குக் கால்நடை மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பிறகே உணவை மாற்றிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் எதனால் அரிப்பு குறைந்தது என்பது தெரியாமலேயே போய்விடும்.

ஆண்டுக்கணக்கில் எந்தச் சிக்கலுமின்றி உண்டுவந்த உணவே ஒவ்வாமைக்குக் காரணமாவது பலரையும் குழப்புகிறது. குடலுக்குள் வரும் உணவுப் புரதங்களை நோய் எதிர்ப்பு மண்டலம் வழக்கமாகச் சகித்துக்கொள்கிறது. அந்தச் சகிப்பு குலையும்போது, குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பகையெனக் கருதி, அதற்கெனவே ஐ.ஜி.இ எனப்படும் எதிர்ப்பொருள்களை உடல் உருவாக்குகிறது. அவை தோலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அதே புரதம் மறுபடி வந்து, அருகருகே உள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை ஒருசேரப் பற்றிப் பாலம்போல் இணைத்துவிட்டால், அந்தச் செல் தன்னுள் தேக்கிவைத்திருக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியே கொட்டுகிறது. அரிப்பும் சிவப்பும் அதன் விளைவு. இதனுடன் டி செல்கள் என்னும் வேறுவகை நோய் எதிர்ப்புச் செல்கள் வழியே மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தாமதித்து எழும் வினையும் உண்டு என்பதால், இன்று சொறிவதற்கு இன்று உண்டதுதான் காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வில், மாட்டிறைச்சி 34 விழுக்காட்டு நாய்களிலும், பால் பொருள்கள் 17 விழுக்காட்டிலும், கோழியிறைச்சி 15 விழுக்காட்டிலும், கோதுமை 13 விழுக்காட்டிலும் காரணமாக இருந்தன. இவை நாய் உணவுகளில் மிகப் பரவலாகச் சேர்க்கப்படுபவை. அடிக்கடி உண்ணும் பொருளுக்கே உடல் ஒவ்வாமை கொள்ள வாய்ப்பு மிகுதி. ஆகவே, தானியம் அற்றது என்று பையின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி, கோழியிறைச்சி நிறைந்த உணவை வாங்குவது பெரும்பாலான நாய்களுக்குப் பயன்தராது. மேலும், பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த தானியமற்ற உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடுமா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது என்பதையும் கருத வேண்டும்.

உணவைத் தேர்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அந்த நாய் இதுவரை உண்டிராத புரதம்: முயல், மான், வாத்து போன்றவை. இங்கே வாழ்நாள் முழுதும் அது உண்ட பிஸ்கட், தின்பண்டம் உட்பட அனைத்தையும் நினைவுகூர்ந்து பட்டியலிட வேண்டியிருக்கிறது. உறவான விலங்குகளின் புரதங்கள் ஒத்திருப்பதால், மாட்டிறைச்சி ஒவ்வாத நாய்க்கு ஆட்டிறைச்சியும், கோழி ஒவ்வாததற்கு வாத்தும் ஒவ்வாமல் போகலாம். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் இத்தகைய உணவுகள் பலவற்றில், மேலுறையில் குறிப்பிடப்படாத இறைச்சிகளின் மரபணுத் தடயங்கள் ஆய்வுகளில் கண்டறியப்பட்டதும் உண்டு.

இரண்டாவது வழி, நீராற்பகுத்த புரதம். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் பெரும்பாலும் 10,000 முதல் 70,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ளவை. நொதிகளைக் கொண்டு அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால், இரண்டு எதிர்ப்பொருள்களை இணைக்கும் அளவுக்கு நீளமில்லாமல் அவை மாஸ்ட் செல்லைத் தூண்டாமலே கடந்துசெல்கின்றன. எவ்வளவு நுண்ணிதாக வெட்டப்படுகிறது என்பது உணவுக்கு உணவு வேறுபடும் என்பதால், கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் வகையைத் தேர்வதே நல்லது.

சிறிய நாய்க்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஓய்வு நிலையில் ஒரு நாய்க்குத் தேவைப்படும் ஆற்றல், கிலோகிராமில் அதன் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் கிடைக்கும். 4 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 198 கிலோகலோரி; 32 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 940. ஒவ்வொரு கிலோ எடைக்கும் சிறிய நாய்க்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும், ஆனால் ஒரு நாளுக்கான மொத்த அளவோ மிகக் குறைவு. ஆகவே பெரிய நாய்க்கு ஒரு பொருட்டாகாத ஒரு துண்டு சீஸ், சிறிய நாயின் அன்றாட உணவில் கணிசமான பங்காகிவிடுகிறது. நெருக்கமான சிறு பற்களுக்கு ஏற்ற சிறு துண்டுகளாக உலர் உணவு இருப்பதும் அவசியம்.

தேர்ந்த உணவு பொருந்துகிறதா என்பதை, அதைக் கொடுத்துப் பார்க்கும் சோதனையால் மட்டுமே அறியலாம். இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதாகச் சொல்லும் பரிசோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. அவற்றுக்குப் பணம் செலவழிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். குறைந்தது 8 வாரங்கள் அந்த ஒரே உணவையும் தண்ணீரையும் மட்டும் கொடுத்தால், உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் முன்னேற்றம் தெரிந்துவிடும். புண்பட்ட தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டாம் வாரத்தில் மாற்றமில்லை என்று கைவிடக் கூடாது. இக்காலத்தில் இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரையும் பற்பசையும்கூடச் சோதனையைக் கெடுத்துவிடும். குழந்தை கீழே சிந்தும் உணவையும் கவனிக்க வேண்டும்.

அரிப்பு அடங்கிய பிறகு பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க மனம் வராது என்பது உண்மைதான். ஆயினும், பழைய உணவில் 14 நாள்களுக்குள் அரிப்பு திரும்பி, புதிய உணவில் மறுபடி தணிந்தால் மட்டுமே ஒவ்வாமை உறுதியாகிறது. அதன்பின் கோழி, முட்டை, பால் என ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் காத்திருந்தால், அந்த நாய் அச்சமின்றி உண்ணக்கூடியவை எவை என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும்.