உடைந்த தாடைக்குப் பல்லே அளவு

விபத்தில் தாடை முறிந்து வந்தவருக்கு மூச்சும் ரத்தப்போக்கும் கட்டுக்குள் வந்ததும் மருத்துவர் கேட்பது: “பல்லைக் கடிச்சுப் பாருங்க, எப்பவும் போலச் சேருதா?” இல்லை என்று பதில் வந்தால், ஸ்கேன் எடுக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் வருடக்கணக்கில் மென்று மென்று ஒன்றோடொன்று பொருந்திப்போனவை. நடுவில் ஒரு தலைமுடி சிக்கினாலே உறுத்துகிறதே! எலும்பு கொஞ்சம் விலகினாலும் கடி மாறிவிடும்.

அதனால் அறுவை அரங்கில் முதலில் பல்லைக் கட்டுகிறார்கள். ஆர்ச் பார் என்ற வளையும் உலோகப் பட்டையை மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் ஈறோரமாக வைத்து, பல்லைச் சுற்றி மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து முறுக்குவார்கள். பிறகு இரண்டு பட்டைகளையும் சரியான கடியில் சேர்த்துக் கட்டினால், முறிந்த துண்டுகள் கிட்டத்தட்ட தங்கள் இடத்துக்கு வந்துவிடும். பல்லே இல்லாதவருக்கு அவருடைய பல்செட் உதவும். உடைந்திருந்தாலும் கொண்டுபோவது நல்லது.

சரி, வாயைக் கட்டிவிட்டால் மயக்க மருந்துக் குழாய் எப்படிப் போகும்? வழக்கமாக மூக்கு வழியாக. மூக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதியும் நொறுங்கியிருந்தால் அதுவும் ஆபத்து. அப்போது முகவாய்க்கு அடியில் சின்னதாகக் கீறி, குழாயை அந்த வழியே வெளியே எடுப்பதுண்டு. ஸ்பெயின் மருத்துவர் ஹெர்னாண்டஸ் அல்தெமிர் 1986-இல் விவரித்த உத்தி இது.

முன்பெல்லாம் கம்பிக்கட்டே முழு வைத்தியம். நாலிலிருந்து ஆறு வாரம் கஞ்சியும் ஜூஸும்தான். வாந்தி வந்தால் வெட்டிவிட, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டர். 1970-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மாக்சிம் ஷாம்பியின் குழு, தாடையில் விசை எப்படிப் பாய்கிறது என்று ஆராய்ந்தது. மெல்லும்போது மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கும், கீழ்விளிம்பு நெருக்குப்படும். பிளக்கும் பக்கத்தில், முறிந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறிய உலோகப் பிளேட் ஒன்று போட்டாலே பல முறிவுகளுக்குப் போதும். முகவாய்ப் பகுதியில் முறுக்கும் விசையும் சேர்வதால் அங்கே இரண்டு. பிளேட்டின் ஸ்க்ரூ எலும்பின் கெட்டியான வெளி அடுக்கை மட்டும் பிடிப்பதால் பல்வேருக்கும் நரம்புக்கும் ஆபத்து குறைவு. கீறலும் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே. இன்று இந்தப் பிளேட்டுகள் டைட்டானியத்தில் வருகின்றன.

கண்ணைச் சுற்றியுள்ள எலும்புக்குழி உடைந்தால் அளவு பார்க்கப் பல் உதவாது. அங்கே அடிபடாத பக்கத்தின் சி.டி. படத்தைக் கணினியில் இடவலம் திருப்பி, அந்த அளவுக்கு டைட்டானியம் வலையை வளைத்து வைக்கிறார்கள். அப்புறம் கண்ணின் வெள்ளைப் பகுதியை நுண்ணிய இடுக்கியால் பிடித்து அசைத்துப் பார்ப்பார்கள். வலையில் தசை சிக்காமல் கண் தாராளமாகத் திரும்பினால்தான் தையல்.