வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு சிபிடி எண்ணெய் கொடுக்காதீர்கள்

மறுபடியும் ஒரு நாய். வலிப்புக்குத் தினமும் இரண்டு வேளை பீனோபார்பிடோன் மாத்திரை சாப்பிட்டு ஒழுங்காக இருந்த லேப்ரடார். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, ஆன்லைனில் வாங்கிய சிபிடி எண்ணெயை (கஞ்சாச் செடியில் இருந்து வருவது) சாப்பாட்டில் அஞ்சு சொட்டு விட்டிருக்கிறார்கள். சில நாளிலேயே வலிப்பு வந்து, அது நிற்காமல் போகவே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். "மாத்திரை லிவரைக் கெடுக்கும்னு படிச்சோம் டாக்டர், இது மூலிகைதானே?" இந்த லேப்ரடார் பிழைத்துக்கொண்டது, இதற்கு முன் இப்படி வந்தவற்றில் சில பிழைக்கவில்லை.

பீனோபார்பிடோனை நிறுத்த வேண்டும் என்றால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்போம், அதுவும் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே. திடீரென்று நிறுத்தினால், அதனாலேயே வலிப்பு வரலாம், முன்பு இருந்ததைவிட மோசமாகவும் வரலாம்.

சிபிடி சுத்தப் பொய் என்று நான் சொல்லவில்லை. கஞ்சாச் செடியில் இருந்து எடுப்பதுதான், ஆனால் போதை தருவது அதே செடியில் இருக்கும் டிஹெச்சி, சிபிடி இல்லை. 2018ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்து, நடமாட்டம் கூடியது. 2019ல் கொலராடோவில் வலிப்பு நாய்களுக்குக் கொடுத்தார்கள். வலிப்பின் எண்ணிக்கை குறைந்தது உண்மை, ஆனால் வலிப்பு பாதிக்குப் பாதி குறைந்த நாய்கள் சிபிடி குழுவிலும் வெறும் எண்ணெய் குழுவிலும் ஒரே அளவுதான். முக்கியமான விஷயம், அந்த நாய்கள் தங்கள் வழக்கமான வலிப்பு மாத்திரையோடு சேர்த்துத்தான் இதைச் சாப்பிட்டன. மாத்திரைக்குப் பதிலாக இல்லை! அப்புறம், லிவரைக் காப்பாற்றத்தானே மாத்திரையை நிறுத்தினீர்கள்? சிபிடி கொடுத்த நாய்களுக்கு ஏஎல்பி என்ற லிவர் என்சைம் ஏறியது இரண்டு ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. லிவரில் மற்ற மருந்துகள் சிதையும் வேகத்தையும் சிபிடி மாற்றக்கூடும்.

சரி, அந்த அஞ்சு சொட்டுக்கு வருவோம், எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது இதுதான். கார்னெலில் கொடுத்த அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் ஆகிறது. 30 மில்லி பாட்டிலில் மொத்தமே 300 மில்லிகிராம் சிபிடி இருக்கிறது என்று வையுங்கள், இரண்டரை நாளில் பாட்டில் காலி. நீங்கள் விடும் அஞ்சு சொட்டில் இரண்டரை மில்லிகிராம் இருந்தால் அதிகம். பிறகு மூட்டு வலி நாய்க்கு இதைக் கொடுப்பவர்கள் எப்படி "நல்லா ஓடுது டாக்டர்" என்கிறீர்கள்? மூட்டு வலி தானாகவே ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். காசு போட்டு வாங்கியவர் கண்ணுக்கு இறங்கும் வாரம்தான் தெரியும். அதற்காக நீங்களே சொட்டைக் கூட்டிவிடாதீர்கள்.

பாட்டிலில் 'ஹெம்ப் சீட் ஆயில்' என்று இருந்தால் அது விதையை ஆட்டி எடுத்தது. நல்லெண்ணெய் மாதிரி ஒரு சாப்பாட்டு எண்ணெய், சிபிடி அதில் கிட்டத்தட்ட இல்லை. இலைச் சாறு என்றால் 'விஜயா' என்று ஆயுர்வேத லைசென்ஸில் வரும். 1985 போதைப்பொருள் சட்டம் இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே வைத்திருப்பதால் இது விற்க முடிகிறது. லைசென்ஸ் இருக்கிறது என்பதால் உங்கள் நாய்க்கு அளவு சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட விலங்குகளுக்கு எந்த சிபிடி மருந்தையும் இதுவரை அங்கீகரிக்கவில்லை. 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்றால் டிஹெச்சியும் கொஞ்சம் உள்ளே இருக்கும்.

இன்னொன்று. நொண்டும் நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் இல்லை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கி நொண்டும், அதற்கு ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டும். பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்புப் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரேக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வது?

தீபாவளி வெடிக்குப் பயப்படும் நாய்க்கு சிபிடி உதவும் என்பதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. அதற்கென்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, தயவுசெய்து ஒரு வாரம் முன்னாலேயே வாருங்கள். தீபாவளி அன்று சாயங்காலம் வேண்டாம்.

மனிதர்களுக்கான சிபிடி கலந்த ஜெல்லி மிட்டாய் கொடுக்கவே கூடாது, அதில் ஸைலிடால் என்ற இனிப்பு இருந்தால் நாய்க்கு விஷம். ஏற்கெனவே எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தால் பாட்டிலோடு வாருங்கள், திட்ட மாட்டேன் (கொஞ்சம் திட்டுவேன்). மற்ற மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், லிவர் டெஸ்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாய் தள்ளாடுகிறது, நின்ற இடத்திலேயே சிறுநீர் சொட்டுகிறது, கையை ஓங்கினாலே திடுக்கிடுகிறது என்றால் டிஹெச்சி உள்ளே போயிருக்கலாம். வீட்டில் யாரோ வைத்திருந்த பொட்டலத்தைத் தின்றிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று தெரிந்தால்தான் வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியும். நாங்கள் போலீஸுக்கு எல்லாம் போன் பண்ண மாட்டோம்.