கம்பி இழுத்தால் ஆள் வரும்: 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வீடுகளின் அழைப்பு மணி

1851ஆம் ஆண்டின் பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டு வேலையாட்களாகப் பதிவாகியிருந்தனர். புதிய வீட்டில் சேர, முந்தைய எசமானர் தரும் நற்சான்று வேண்டும். அதைத் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எனவே அழைத்தவுடன் போய் நிற்பது பிழைப்போடு பிணைந்த கடமையாக இருந்தது.

முற்காலத்தில் வேலையாள் அறைக்கு வெளியே, குரலோ கைமணியோ எட்டும் தொலைவில் காத்திருப்பார். உள்ளே பேசுவதும் அவர் காதில் விழும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய கம்பி மணி இந்தச் சங்கடத்தைத் தீர்த்ததால், வேலையாட்கள் நிலவறைக்கும் பின்கட்டுக்கும் அனுப்பப்பட்டனர்.

வரவேற்பறையின் கணப்படுப்பு அருகே உள்ள கைப்பிடியை இழுத்தால், சுவர்ப் பூச்சுக்குள் பதித்த குழாய் வழியே செல்லும் மெல்லிய செம்புக் கம்பி இழுபடும். சுவர் திரும்பும் மூலைகளில், ‘ட’ வடிவ நெம்புகோல் ஒன்று தன் மடிப்பில் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு கையைக் கிடைமட்டக் கம்பி இழுக்க, மறு கை செங்குத்துக் கம்பியை இழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் உராய்வு இழுவிசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, 30 மீட்டர் செம்புக் கம்பி 10 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். மணிகளைப் பொருத்தவும், தொய்வை நீக்கிக் கம்பியை இறுக்கவும் தனித் தொழிலாளர்கள் இருந்தனர்.

கீழே நடைவழியில் மணிகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றும் சுருட்டிய எஃகுத் தகட்டு வில்லின் நுனியில் இருப்பதால், ஒரே இழுப்பில் வில் பெற்ற ஆற்றல் மணியைப் பலமுறை குலுக்கும். மணியின் அளவுக்கேற்பச் சுருதி மாறும். பழகிய காது அறையை அறிந்துகொள்ளும். பழகாதவருக்காகச் சில வீடுகளில் மணியோடு ஒரு சிறு ஊசலும் இணைக்கப்பட்டது. நாக்கு மணியில் மோத வலுவான குலுக்கல் தேவை. ஊசலுக்கோ மிகச் சிறிய ஆற்றலே போதும், அதுவும் மெதுவாகத்தான் கரையும். ஆகவே ஓசை அடங்கிய பிறகு ஓடிவருபவரும் எது ஆடுகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்த அமைப்பிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான் என்பேன்.

ஆனால் மணி சொல்வது இடத்தை மட்டுமே, தேவையைச் சொல்லாது. பணிப்பெண் மாடியேறி, கட்டளை கேட்டு, இறங்கி, வெந்நீரையோ நிலக்கரியையோ சுமந்து மீண்டும் ஏற வேண்டும். ஒரே பணிப்பெண் உள்ள வீடுகளே ஏராளம்; அங்கே எந்த மணி அடித்தாலும் அது அவளுக்குத்தான்.

1866இல் ழார்ழ் லெக்லான்ஷே உருவாக்கிய மின்கலம் மின்மணியை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தால் சோர்ந்து, ஓய்வளித்தால் தேறும் கலம் அது. எப்போதாவது அடிக்கும் மணிக்குப் பொருத்தமானது. பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் சுத்தியலை இழுக்கும். அந்த அசைவே சுற்றை முறிக்க, சுத்தியல் திரும்பும், சுற்று மீண்டும் இணையும். உராய்வும் தொய்வும் ஒழிந்தன, படிக்கட்டு ஒழியவில்லை.

அந்த வீண் நடையைக் குறைத்தது பேசுகுழாய். ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் செருகிய ஊதல் ஒலிக்கும். அதைப் பிடுங்கிவிட்டுக் காதை வைத்தால் கட்டளை அங்கேயே கேட்கும். குழாய் ஒலியை இரு திசையிலும் கடத்துவதால், பேச்சு முடிந்ததும் ஊதலை மீண்டும் செருகி அடைத்தார்கள். இல்லையேல் வரவேற்பறைப் பேச்சு சமையலறைக்கு இறங்கிவிடும்.