மூன்றாம் முறை விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

"சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது." உளவியலில் கலாநிதிப் (PhD) படிப்புக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அவள் அனுப்பிய விண்ணப்பக் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. இரண்டு வருடத்தில் பதினாறு விண்ணப்பம், பதினாறும் மறுப்பு. திருகோணமலை உவர்மலையில் உள்ள என் ஆலோசனை அறைக்கு அவள் வந்தது விண்ணப்பத்துக்காக அல்ல, நித்திரை வராததால். கல்யாண வீடுகளுக்குப் போவதையும் விட்டிருந்தாள். "என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். (சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"மனசைப் படிக்கிற துறையே என்ர மனசு சரியில்லை எண்டு சொல்லிட்டுதோ, மிஸ்?"

அப்படி இல்லை. சிகிச்சை உளவியல் கலாநிதிப் படிப்புக்கு அங்கே பல இடங்களில் வருடத்துக்குப் பத்துப் பேரைக்கூட எடுப்பதில்லை. விண்ணப்பங்களோ நூற்றுக்கணக்கில். பெரும்பாலும் ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக்குழுவுக்குப் பொருந்துகிறவரைத்தான் தேடுகிறார். அந்த வருடம் அவர் யாரையும் எடுக்கவில்லை என்றால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தும் பயனில்லை. அவளுடைய பதினாறில் ஐந்து பேர் அப்படி. அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே அதைப் போட்டிருந்தார்கள், இவள் பார்க்கவில்லை. டொலரில் கட்டணம் கட்டியதுதான் மிச்சம்.

அப்புறம் அந்தக் கட்டுரை. உளவியல் மேற்படிப்புத் தெரிவுக்குழுத் தலைவர்களிடம் விண்ணப்பங்களைக் கெடுப்பவை எவை என்று கேட்டு ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சொந்த மனநலக் கதையை விரிவாக எழுதுவதும், "மற்றவர்களுக்கு உதவ வேண்டும்" என்பதையே பெரிய காரணமாகக் காட்டுவதும் அதில் உண்டு. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. காயத்தை மறை என்று உளவியல் துறையே சொல்வது ஒரு மாதிரித்தான். ஆனால் அந்தச் சண்டையை விண்ணப்பத்தில் பிடிக்க முடியாது.

"இது உங்கட கதை. உங்கட கேள்வி எங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அம்மம்மாவைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்கும் அடையாள அட்டையும் காணி உறுதியும் ஒரு பொலித்தீன் பையில் தலைமாட்டில் இருக்கும், செருப்பு வாசலைப் பார்த்தபடி கிடக்கும். 2004க்குப் பிறகு பிறந்த தம்பியும் செருப்பை அப்படித்தான் விடுகிறானாம். கடல் வந்ததை அவன் கண்டதே இல்லை.

சரி, கேள்வி கிடைத்துவிட்டது. பார்க்காத பயம் ஒரு பிள்ளைக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது?

மூன்றாம் முறை ஆறே இடத்துக்குத்தான் விண்ணப்பம். செப்டெம்பரிலேயே ஒவ்வொரு பேராசிரியருக்கும் நாலு வரி மின்னஞ்சல், மாணவர் எடுக்கிறீர்களா என்று. பரிந்துரைக் கடிதம் தரும் மூவருக்கும் புதுக் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பினாள். பழைய கடிதத்திலேயே திகதியை மாற்றி அனுப்பினால் அது கட்டுரையோடு ஒட்டாது. பல இடங்களில் டிசம்பர் 1தான் கடைசி நாள். இரண்டு நேர்காணல் வந்தது. ஒன்றில் மறுப்பு, மற்றதில் காத்திருப்போர் பட்டியல்.

காத்திருப்போர் பட்டியல் என்றால் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். அங்கே அனுமதி கிடைத்தவர்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. இரண்டு மூன்று இடங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் கடைசி நாட்களில்தான் விடுவார்கள். இவளுக்கு அனுமதி 14ஆம் திகதி இரவு வந்தது.

விடிய எனக்கு அழைப்பு. "மிஸ், அங்க கிட்டடியில கடல் இல்லையாம். அம்மம்மா ஓம் எண்டுட்டா."