ஒரு பக்கம் சுழி போட்டால்

பாலக்காட்டுக் கல்பாத்தியில் அத்தை வீட்டு வாசலில் தினமும் புள்ளிக்கோலம் உண்டு. இடப்பக்கம் ஒரு சுழி போட்டதும் அத்தையின் கை நேராக வலப்பக்கத்து ஜோடிப் புள்ளிக்குப் போய்விடும். ஒரு பாதியை முழுசாக முடித்துவிட்டு மறுபாதிக்கு வருவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அப்படிப் போட்டா கோணல் எங்கே ஆரம்பிச்சதுன்னே தெரியாதுடா" என்றாள்.

எங்கே ஆரம்பித்தது என்று தெரியாத ஒரு கோணல் எனக்கும் வாய்த்தது, நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷனில். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைக் கம்பி. அதைச் சுற்றி விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் தண்ணீர். இந்த வேகத்தில் கம்பிக்குப் பின்னால் இரண்டு சிறு சுழல்கள், இடம் ஒன்று வலம் ஒன்றாக, ஒரே அளவில் ஒட்டி நிற்க வேண்டும். என் படத்தில் ஒன்று பெருத்திருந்தது.

சிமுலேஷனில் தண்ணீரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறோம். அந்தக் கட்டங்கள் சேர்ந்ததுதான் வலை. எல்லா இடத்திலும் பொடிக் கட்டம் வைத்தால் கணினி தாங்காது. அதனால் பிழை அதிகமாகத் தெரியும் கட்டத்தை மட்டும் நான்காகப் பிளக்கச் சொல்வோம். மார்ஷா பெர்கரும் ஜோசப் ஓலிகரும் 1984-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வேரூன்றிய வழி இது. நல்ல வழிதான். ஆனால் பிளப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு கட்டமும் தனியாக முடிவு செய்கிறது. கோணல் நுழைவது அங்கேதான்.

கணினியில் 0.1, 0.2, 0.3 மூன்றையும் இந்த வரிசையில் கூட்டிப் பாருங்கள்: 0.6000000000000001 வரும். 0.3-லிருந்து திருப்பிக் கூட்டினால் 0.6. இடப்பக்கக் கட்டம் ஒரு வரிசையிலும் வலப்பக்கக் கட்டம் மறு வரிசையிலும் தத்தம் பிழைகளை இப்படிக் கூட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கும் எல்லையோ 0.6. இடது பிளந்துவிடும், வலது அப்படியே நிற்கும். பதினாறாம் இலக்கத்தில் இருந்த வித்தியாசம் ஒரு முழுக் கட்டத்தின் வித்தியாசமாகிவிட்டது.

முடிந்த வலையைப் பிறகு ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயன்று நிறைய நாள் வீணாக்கினேன். முடிவையே ஜோடியாக எடுக்க வேண்டும். கட்டத்துக்கும் அதன் எதிர்க்கட்டத்துக்கும் உள்ள பிழைகளில் பெரியதை எடுத்து, அது எல்லையைத் தாண்டினால் இரண்டையும் பிள. இல்லையேல் இரண்டையும் விடு. எதிர்க்கட்டம் எது? அதைத் தசம எண்ணால் தேடக்கூடாது. இடமிருந்து வலமாக 8 கட்டங்களுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுத்தால் 2-க்கு ஜோடி 5. இரும எண்ணில் 010, 101: எல்லா இலக்கமும் புரண்டிருக்கிறது, அவ்வளவுதான். முழு எண் என்பதால் பிசிறே கிடையாது. அப்புறம், இடத்தையும் வலத்தையும் பிரிக்கும் நடுக்கோட்டை, அதாவது சமச்சீர்க் கோட்டை, பூஜ்யத்தில் வையுங்கள். குறியை மாற்றும்போது கணினி ஒரு துளிகூடப் பிசகாது. கூட்டல் வரிசையையும் ஜோடிக்கு ஜோடி ஒத்துப்போகும்படி எழுத வேண்டும்.

முக்கோண வலையில் இன்னொரு வம்பு. சதுரத்தின் நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் இருப்பதால், எந்த மூலைவிட்டத்தில் வெட்டுவது என்பதை டெலோனே விதி (எந்த முக்கோணத்தின் மூலைகள் வழியே போகும் வட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி இருக்கக்கூடாது என்பது) சொல்லாது. சதுரம் சமச்சீர்க் கோட்டின் மேலேயே சரிபாதியாக உட்கார்ந்திருந்தால் எந்த மூலைவிட்டமும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். நடுவில் ஒரு புள்ளி வைத்து நான்கு முக்கோணமாக்கினால் தீர்ந்தது. கோலம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, பாதியை மட்டும் கணக்கிட்டு நடுவில் கண்ணாடி வைத்துவிட்டால் என்ன? 2 சென்டிமீட்டர் வேகத்துக்கு அது போதும். வேகத்தை 10 சென்டிமீட்டராக்கினால் சுழல்கள் இடம், வலம், இடம் என்று மாறி மாறிக் கழன்று போகும். கார்மன் சுழல் வரிசை என்பார்கள். கம்பி சமச்சீர், வரும் நீரும் சமச்சீர், ஓட்டம் மட்டும் அப்படியில்லை. கண்ணாடி வைத்த பாதி வலையில் இந்தச் சுழல்கள் பிறக்கவே முடியாது. அதனால் வலையைத்தான் சமச்சீராக வைக்கிறேன், தண்ணீரை அல்ல. சுழல் கழல வேண்டுமென்றால் தொடக்கத்தில் நானே இடப்பக்கம் ஒரு சின்னத் தள்ளல் கொடுக்கிறேன். எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்று குறித்தும் வைத்துக்கொள்கிறேன்.