பழைய நகலுக்குச் சேதி சொல்வது யார்?

வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த சென்னை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. இடையிலுள்ள திருவொற்றியூர் தேரடி நிலையம் மட்டும் 2022 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. வடசென்னைப் பயணிகளுக்கென ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்ட ஓர் இணையச் செயலி அந்நாளில் இருந்ததாகக் கொள்வோம். அதன் நிலையப் பட்டியலில் ஓராண்டுக்கு ஒரு வரிகூட மாறியிருக்காது. ஆனாலும் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் அந்தப் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து மறுபடி மறுபடி படிக்கப்பட்டிருக்கும்.

அப்படிப் படிப்பதற்குத் தரவுத்தள இணைப்பு ஒன்று தேவை. இணைப்புகளைத் திறந்துவைத்துப் பகிர்ந்து தர ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஹிகாரி என்ற நிரல் நூலகம், நாம் மாற்றிச் சொல்லாதவரை, 10 இணைப்புகளையே கையிருப்பில் வைக்கிறது. மாறாத பட்டியலுக்கு அவற்றைச் செலவிட்டால், உண்மையிலேயே தரவுத்தளம் தேவைப்படும் வேலைகள் வரிசையில் காத்திருக்க நேரிடும். இதைத் தவிர்க்கப் பட்டியலின் நகலைச் சர்வரின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதுதான் கேஷ்.

சிறிய பட்டியலுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை என்பது என் கருத்து. செயலி தொடங்கும்போது முழு அட்டவணையையும் படித்து, அதன்பின் எவரும் திருத்த முடியாத ஒரு மேப்பாக (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய விவரத்தைத் தரும் அமைப்பாக) ஆக்கி, அதைச் சுட்டும் மாறியை வோலடைல், அதாவது அதன் மாற்றம் எல்லா நிரலோட்டங்களுக்கும் தெரிய வேண்டியது, என்று அறிவித்தால் போதும். பட்டியல் மாறும்போது பழைய மேப்பில் கைவைக்காமல் புதிய மேப்பைத் தனியே முழுதாகக் கட்டி, கடைசியில் அந்த மாறியை மட்டும் அதற்குத் திருப்பிவிட வேண்டும். 2004இல் ஜாவா 5உடன் வந்த நினைவக விதிகளின்படி, அந்த மாறியைப் படிக்கும் எந்த த்ரெட்டும் (ஒரே நேரத்தில் இயங்கும் நிரலோட்டங்களில் எதுவும்) பழைய பட்டியலையோ புதியதையோ முழுமையாகக் காணுமே தவிர, பாதி கட்டிய பட்டியலை ஒருபோதும் காணாது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு எதுவும் தேவைப்படாத இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

சிக்கல் எழுவது கேஷைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான். நிர்வாகி தேரடி நிலையத்தைச் சேர்க்கிறார். அந்தத் தரவுத்தளப் பரிவர்த்தனை உறுதியாவதற்கு (கமிட் ஆவதற்கு) முன்பே நிரல் கேஷை அழித்துவிடுகிறது. அந்த இடைவெளியில் வரும் வேறொரு கோரிக்கை, இன்னும் வெளியே தெரியாத புதிய வரியை விட்டுப் பழைய பட்டியலையே படித்துக் கேஷில் வைத்துவிடும். அதன்பின் அதை அழிப்பவர் யாருமில்லை. ஆகவே கமிட் முடிந்த பிறகே கேஷைப் புதுப்பிக்க வேண்டும். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் அதற்கென்றே, கமிட் முடிந்ததும் இயங்கும் நிகழ்வுக் கேட்பான் உண்டு.

சர்வர்கள் பலவானால் ஒன்றில் நடந்த மாற்றம் மற்றவற்றுக்குத் தானாகத் தெரியாது. ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கு வழியாகவோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தரும் நோட்டிஃபை கட்டளை வழியாகவோ சேதி அனுப்பலாம். இணைப்பு அறுந்திருக்கும் வேளையில் அனுப்பிய சேதி போய்ச் சேராது என்பதால், குறித்த காலத்துக்கு ஒருமுறை பட்டியலை மீண்டும் படிக்கும் ஏற்பாடும் உடன் இருக்க வேண்டும். அந்தக் காலத்தின் அளவைத் தரவின் இயல்பே முடிவு செய்கிறது. புதிய நிலையத்தின் பெயர் பத்து நிமிடம் தாமதமாகத் தெரிந்தால் பாதகமில்லை. கட்டணமோ அப்படியல்ல, திரையில் காட்டும்போது கேஷிலிருந்து எடுத்தாலும் பணம் பிடிக்கும் கணத்தில் தரவுத்தளத்திலிருந்தே அதைப் படிக்க வேண்டும்.